விமானம் இறங்கிய பிறகு: பாரிஸில் என் முதல் மாலை

வெளிநாட்டுக்குக் கிளம்புகிறவனுக்கு விசா விண்ணப்பம் எப்படி நிரப்புவது, இன்சூரன்ஸ் எங்கே எடுப்பது, பெட்டியில் எத்தனை கிலோ என்பது வரை சொல்லித் தர ஆள் இருக்கிறார்கள். விமானம் தரையைத் தொட்டதிலிருந்து தங்குமிடத்துக்குப் போய்ப் படுக்கும் வரையிலான அந்த ஆறேழு மணி நேரத்தைப் பற்றி மட்டும் யாரும் பேசுவதில்லை. எனக்கு நடந்ததெல்லாம் அந்த நேரத்துக்குள்தான் நடந்தது. 2025 நவம்பரில் அலுவலகப் பயிற்சி ஒன்றுக்காகத் தனியாகப் பாரிஸ் போனேன். அதற்கு முன் நான் கடல் தாண்டியதில்லை. இனி போகிறவர்கள் யாராவது இதைப் படித்துவிட்டுப் போகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நடுவில் ஒரு ஊரில் விமானம் மாறிப் போகும் டிக்கெட் என்னுடையது. முதல் விமானம் தாமதமாகக் கிளம்பியதால் இரண்டாவதைப் பிடிக்க ஓட வேண்டியிருந்தது. நான் ஓடிப் பிடித்துவிட்டேன், என் பெட்டி பிடிக்கவில்லை. அது அப்போது எனக்குத் தெரியாது. வீட்டை விட்டுக் கிளம்பி ஏறக்குறைய ஒரு நாள் ஆகியிருந்தது. உட்கார்ந்தபடியே தூங்கினால் தூங்கியது போலவும் இருக்காது, விழித்திருந்தது போலவும் இருக்காது. சார்ல் டி கோல் விமான நிலையத்தின் முதல் முனையத்தில் இறங்கும்போது தலைக்குள் ஒரு இரைச்சல் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த முனையம் 1974இல் திறந்தது. வட்டமான பெரிய கான்கிரீட் கட்டடம், நடுவே திறந்த வெளி, அதன் குறுக்கே மேலும் கீழுமாகக் கண்ணாடிக் குழாய்கள், குழாய்களுக்குள் நகரும் படிகள். வடிவமைத்தவர் பால் ஆந்த்ரூ. தெளிவான மனதோடு பார்த்தால் அது அழகான கட்டடம்தான், திரும்பி வரும்போது நின்று ரசித்துப் பார்த்தேன். அன்றைக்கு எந்தக் குழாய் எங்கே கொண்டுபோய் விடும் என்று புரியாமல் பயமாக இருந்தது. குடியேற்றப் பிரிவில் வரிசை வளைந்து வளைந்து நின்றது. ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருகிறவர்களின் விவரங்களைக் கணினியில் பதிவுசெய்யும் புதிய முறை அந்த அக்டோபரில்தான் தொடங்கியிருந்தது. பழகாத முறை, எல்லோருக்கும் நேரம் எடுத்தது. தங்குமிட முகவரி, திரும்பும் டிக்கெட், இன்சூரன்ஸ், அலுவலகக் கடிதம் நான்கையும் கேட்டார்கள். எல்லாம் காகிதத்தில் கையில் இருந்ததால் அது மட்டும் சுலபமாக முடிந்தது. கைபேசியில் வைத்திருந்தவர்கள் வரிசையில் நின்றபடி வைஃபை தேடிக்கொண்டிருந்தார்கள். காகிதத்தில் அச்சடித்து எடுத்துப் போங்கள். பழைய வழக்கம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

பெட்டி வரும் பட்டை சுற்றிச் சுற்றி, கடைசியில் காலியாகச் சுற்ற ஆரம்பித்தது. கூட வந்தவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். அந்த நிமிடம் எனக்குக் கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது. குளிருக்கென்று வாங்கிய கனமான கோட்டு, இரண்டு வாரத் துணி, கைபேசி சார்ஜர், அம்மா கட்டிக் கொடுத்த பொடிகள் எல்லாம் அந்தப் பெட்டியில். கையில் இருந்தது லேப்டாப்பும் காகிதங்களும் ஒரு மெல்லிய ஸ்வெட்டரும்.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் அவசரப்பட்டால் பணம் போகும். பெட்டி வரவில்லை என்றால் அந்தக் கூடத்தை விட்டு வெளியே வருவதற்கு முன்பே விமான நிறுவனத்தின் சாமான் கவுன்டருக்குப் போய் எழுத்தில் புகார் பதியுங்கள். பி.ஐ.ஆர் என்று ஒரு தாள் கொடுப்பார்கள், அதில் ஒரு எண் இருக்கும். பின்னால் கேட்கப்போகும் எல்லாவற்றுக்கும் அந்த எண்தான் ஆதாரம். போர்டிங் பாஸின் பின்னால் ஒட்டித் தரும் சாமான் சீட்டையும் அதுவரை தூக்கிப் போடாதீர்கள். பெட்டியின் நிறம், கம்பெனி, உள்ளே என்ன என்று கேட்பார்கள், கிளம்பும் முன்பே பெட்டியைப் படம் எடுத்து வைத்திருந்தால் அதைக் காட்டிவிட்டுப் போகலாம். கவுன்டரில் இருந்த பெண் பொறுமையாகத்தான் பதிந்தார். பெட்டி வர இரண்டு மூன்று நாளாகலாம், முகவரிக்கே அனுப்புவோம் என்றார். அவசரத் தேவைக்கு வாங்கும் பொருள்களின் ரசீதை வைத்துக்கொள்ளுங்கள் என்று அவராகச் சொல்லவில்லை. நான் கேட்டபோதுதான் சொன்னார்.

வெளியே வந்தபோது கைபேசியில் எட்டு சதவீதம் சார்ஜ். ரோமிங் பேக் போட்டிருந்தும் நெட்வொர்க் பிடிக்காமல் அது தேடித் தேடியே மிச்சத்தையும் தின்றுகொண்டிருந்தது. ரயில் எங்கே என்று பார்த்தபடி நின்றேன். விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் போக ஆர்.இ.ஆர் பி என்ற ரயில் உண்டு. அது முதல் முனையத்துக்குள் வராது. சி.டி.ஜி.வால் என்ற சிறிய ஓட்டுநரில்லா ரயிலில் இலவசமாக ஏறி, மூன்றாம் முனையத்தை ஒட்டிய நிலையத்தில் இறங்கி, அங்கே ஆர்.இ.ஆர் பிடிக்க வேண்டும். இது தெரிந்திருந்தால் போதும், மீதி எல்லாம் சுலபம். நான் போன சமயம் விமான நிலைய டிக்கெட் 13 யூரோ. நான் தங்கப்போகிற இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கார் டு நோர் நிலையத்துக்கு ஏறக்குறைய அரை மணி நேரம்தான்.

பெயர்ப்பலகையைத் தேடிக்கொண்டிருந்தபோது நல்ல உடை அணிந்த ஒருவர் பக்கத்தில் வந்தார். கழுத்தில் ஏதோ அடையாள அட்டை. ஊருக்குள் போக வேண்டுமா, இன்று ஞாயிறு, ரயில் பாதையில் வேலை நடக்கிறது, எதுவும் ஓடவில்லை, நான் டாக்ஸிதான், வாருங்கள் என்றார். பேச்சில் அவ்வளவு அக்கறை. என் கையிலிருந்த பையை அவரே வாங்கிக்கொண்டு நடந்தார். வண்டி நிறுத்துமிடத்தில் ஒரு கறுப்புக் கார், கூரையில் விளக்கு இல்லை, மீட்டர் இல்லை. அதைக் கவனித்தேன். கவனித்தும் ஏறினேன், ஏனென்றால் உட்கார வேண்டும் என்று உடம்பு கெஞ்சியது. வீட்டு வாசலில் 140 யூரோ கேட்டார். ஏன் இவ்வளவு என்றதும் குரல் மாறியது, பையைப் பின்பக்கத்தில் வைத்துப் பூட்டியிருந்தார். கொடுத்தேன். ரசீது இல்லை. ரயில் அன்று முழுக்க ஓடியது என்று மறுநாள் தெரிந்துகொண்டேன்.

சரியான கணக்கு இதுதான். சார்ல் டி கோலிலிருந்து பாரிஸ் நகருக்குள் டாக்ஸிக்கு அரசு நிர்ணயித்த ஒரே கட்டணம்: சேன் ஆற்றின் வலது கரையில் எந்த முகவரியாக இருந்தாலும் 56 யூரோ, இடது கரை என்றால் 65 யூரோ. நான் போன 2025இன் விலை அது. பெட்டிக்குத் தனிக் காசு கிடையாது, போக்குவரத்து நெரிசல் என்று கூடக் கேட்க முடியாது, கார்டு வாங்க மறுக்கவும் கூடாது. முனையத்துக்கு வெளியே டாக்ஸி வரிசை என்று பலகை போட்டிருக்கும் இடத்தில் நின்றால் முறைப்படி வண்டி வரும். கூரையில் விளக்கு இருக்கும், பச்சை எரிந்தால் காலி. கட்டடத்துக்குள் வந்து உங்களிடம் டாக்ஸி வேண்டுமா என்று கேட்பவர் யாராக இருந்தாலும் அவர் டாக்ஸி ஓட்டுநர் இல்லை, அப்படி ஆள் பிடிப்பதே அங்கே சட்டப்படி குற்றம். என் முகவரி பத்தாவது வட்டாரம், வலது கரை. 84 யூரோ கூடுதலாகப் போயிற்று, நம் பணத்தில் எட்டாயிரம் ரூபாய்க்கு மேல். உங்கள் முகவரி எந்தக் கரை என்று கிளம்பும் முன்பே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பாரிஸ் அஞ்சல் எண்ணின் கடைசி இரண்டு இலக்கம்தான் வட்டாரத்தின் எண், 75010 என்றால் பத்தாவது.

அந்தக் கார் ஜன்னல் வழியாகத்தான் முதன்முதலாக நான் பாரிஸைப் பார்த்தேன். நெடுஞ்சாலையின் இரண்டு பக்கச் சுவரிலும் கிறுக்கல்கள், கிடங்குகள், சாம்பல் நிற அடுக்குமாடிகள். ஒரு பக்கம் ஸ்டாட் டு ஃபிரான்ஸ் விளையாட்டரங்கம் பெரிய தட்டு மாதிரித் தெரிந்தது. வானம் தாழ்வாக, ஈயம் பூசியது போல இருந்தது. படங்களில் பார்த்த ஊர் எங்கே என்று மனம் கேட்டுக்கொண்டே வந்தது. அது ஊருக்கு வெளியே இருக்கும் புறநகர், எந்த விமான நிலையச் சாலையும் ஊரின் அழகான பக்கம் வழியாகப் போவதில்லை என்பதை யோசிக்கும் தெம்பு அப்போது இல்லை. மணி நாலரைதான், அதற்குள் இருட்ட ஆரம்பித்துவிட்டது. நவம்பர் கடைசியில் அங்கே ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் போய்விடும், காலையில் எட்டு மணிக்கு மேல்தான் வரும். குளிர்காலத்தில் இந்திய நேரத்துக்கும் அதற்கும் நாலரை மணி நேர வித்தியாசம், ஆகவே என் உடம்புக்கு அப்போது இரவு ஒன்பது. ஊரைப் பற்றி முதல் தீர்ப்பு எழுத இதைவிட மோசமான நேரம் கிடையாது. நான் எழுதிவிட்டேன்: இது இருண்ட, ஏமாற்றுகிற, மனிதர்களைச் சட்டை செய்யாத ஊர்.

வாசலில் இறங்கியதும் அடுத்தது. ஆறு மாடிக் கல் கட்டடம், இரண்டு ஆள் உயர மரக்கதவு, பக்கத்தில் எண்களும் எழுத்துகளும் உள்ள சிறு பலகை. அழைப்பு மணி இல்லை, வாட்ச்மேன் இல்லை. பாரிஸில் பழைய குடியிருப்புகள் பெரும்பாலும் இப்படித்தான், எண் தெரிந்தால்தான் தெருக்கதவே திறக்கும். உள்ளே போனால் இன்னொரு கதவு, அதற்கு வேறு எண்ணோ, வீட்டுக்காரரை அழைக்கும் பொத்தானோ இருக்கும். வீட்டை வாடகைக்கு விட்டவர் எண்ணை எனக்குச் செயலியில் அனுப்பியிருந்தார். கைபேசியை எடுத்தேன், திரை வெளிச்சமாகி அணைந்தது. அவ்வளவுதான்.

நான்கு டிகிரியோ ஐந்து டிகிரியோ இருக்கும். ஸ்வெட்டருக்குள் காற்று நேராகப் புகுந்தது. ஒரு வயதான பெண்மணி கதவைத் திறந்து வெளியே வந்தார். ஓடிப்போய் ஆங்கிலத்தில் என் கதையை ஆரம்பித்தேன். அவர் என்னை ஒரு கணம் பார்த்து, தலையை அசைத்து, கதவு முழுசாக மூடும் வரை நின்று பார்த்துவிட்டுப் போனார். அந்தக் கதவுச் சத்தம் என்னை அவமானப்படுத்தியது போலவே இருந்தது. பிறகு அங்கே வாழ்ந்து பார்த்தபோதுதான் புரிந்தது. முன்பின் தெரியாத ஆளைக் கட்டடத்துக்குள் விடக் கூடாது என்பது அங்கே குடியிருப்பவர்கள் அனைவரும் கடைப்பிடிக்கும் விதி. கூடவே இன்னொன்று, முதலில் வணக்கம் சொல்லாமல் யாரிடமும், கடைக்காரரிடமும் பேருந்து ஓட்டுநரிடமும்கூட, பேச்சைத் தொடங்குவது அங்கே மரியாதைக் குறைவு. ஒரு போன்ழூர் சொல்லி, பதில் வரும்வரை காத்து, பிறகு கேட்டால் அதே மனிதர்கள் முகம் மலர்ந்து வழி சொல்கிறார்கள், பாதித் தூரம் கூட வருகிறார்கள். பிரெஞ்சு வேறு எதுவும் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, இது ஒன்று போதும்.

ஞாயிறு என்பதால் பெரும்பாலான கடைகள் மூடியிருந்தன. வெளிச்சம் இருந்த பக்கமாக நடந்தேன். ரயில் நிலையத்தைத் தாண்டி ஃபோபூர் சான் தெனி தெருவில் திரும்பியபோது கடைப் பலகையில் தமிழ் எழுத்து. ஒன்றல்ல, வரிசையாக. நகைக்கடை, துணிக்கடை, மளிகை, சாப்பாட்டுக்கடை. 1983க்குப் பிறகு இலங்கையிலிருந்து அகதிகளாக வந்தவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக உருவாக்கிய கடைத்தெரு அது, லா ஷப்பேல் என்று சொல்வார்கள். அப்படி ஓர் இடம் இருப்பது எனக்குத் தெரியும், நான் தங்கும் வீட்டிலிருந்து நடக்கும் தூரம் என்று தெரியாது. ஒரு சிறு சாப்பாட்டுக்கடைக்குள் நுழைந்து, அக்கா, கைபேசிக்குக் கொஞ்சம் சார்ஜ் போட முடியுமா என்று கேட்டேன். குரல் உடைந்துவிட்டது. கல்லாவில் இருந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “ஜாக்கெட் இல்லாமலோ நிக்கிறீங்கள் தம்பி? போனை இங்க தாங்கோ. முதல்ல ஒரு தேத்தண்ணி குடியுங்கோ, பிறகு கதைப்பம்” என்றார்.

தேநீரும் இரண்டு வடையும் சாப்பிட்டு அரை மணி நேரம் அங்கே உட்கார்ந்திருந்தேன். நடந்ததைச் சொன்னேன். டாக்ஸி கதையைக் கேட்டு அவர் ஆச்சரியப்படவில்லை, உள்ளே இருந்த கணவரிடம் “இன்னொரு ஆளையும் ஏமாத்திப் போட்டாங்கள்” என்று மட்டும் சொன்னார். காசு வாங்க மறுக்கவில்லை, சரியான விலை வாங்கிக்கொண்டார், அது எனக்குப் பிடித்திருந்தது. கிளம்பும்போது கைபேசியில் இருந்த கதவு எண்களை ஒரு பில் தாளின் பின்பக்கம் எழுதித் தந்தார். பேட்டரி திரும்பச் செத்தாலும் தாள் சாகாது இல்லையா என்றார். என் வீட்டு எண், கதவு எண், உள்கதவு எண், மாடி, இடமா வலமா எல்லாம் அந்தத் தாளில். இதைத்தான் நான் கிளம்புவதற்கு முன் செய்து சட்டைப் பையில் வைத்திருக்க வேண்டும் என்று இப்போது எல்லோரிடமும் சொல்கிறேன்.

மாடி என்று சொன்னதில் ஒரு சிக்கல் உண்டு. அவர்கள் தரைத்தளத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை, நம் ஊரில் பல இடங்களில் போலத்தான். ஆனால் கதவில் பெயரோ எண்ணோ பெரும்பாலும் இருக்காது, மூன்றாவது மாடி இடது பக்கம் என்றால் எண்ணித்தான் போக வேண்டும். லிஃப்ட் இல்லாத கட்டடங்கள் ஏராளம். மாடிப்படி விளக்கு பொத்தானை அழுத்தினால் எரியும், கொஞ்ச நேரத்தில் தானாக அணையும். இரண்டாவது மாடியைத் தாண்டும்போது அணைந்துவிட்டது. சுவரைத் தடவிக்கொண்டு நின்றேன். ஒவ்வொரு தளத்திலும் சிறு சிவப்புப் புள்ளியாக ஒளிரும் பொத்தானைப் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது.

அறைக்குள் போனதும் ஐந்து நிமிடம் சாயலாம் என்று படுத்தேன். விழித்தது இரவு பதினொன்றரைக்கு. பசி, தூக்கமில்லை, வெளியே எதுவும் திறந்தில்லை, விடியும் வரை சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். அந்த வாரம் முழுக்க அதன் விலையைக் கொடுத்தேன், பயிற்சியில் மதியம் மூன்று மணிக்குக் கண் தானாகச் சொருகும். மேற்கே போகும்போது நாள் நீள்கிறது, உடம்புக்கு அது கிழக்கே போவதைவிடச் சுலபம். ஆனால் முதல் நாள் இரவு ஒன்பது வரையாவது எப்படியாவது விழித்திருக்க வேண்டும். படுக்கையில் உட்காரக் கூடாது. குளித்துவிட்டு, நடந்துவிட்டு, சூடாகச் சாப்பிட்டுவிட்டுப் படுக்க வேண்டும். மறுநாள் காலை வெளிச்சம் வந்ததும் வெளியே போய் நின்றுவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை இறங்குகிறவர்கள் பிஸ்கட்டோ ரொட்டியோ ஏதாவது கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீருக்கு மட்டும் கவலைப்பட வேண்டாம், பாரிஸ் குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம். தெருவில் பச்சை நிற இரும்புச் சிலை மாதிரி நிற்கும் வாலஸ் குடிநீர்க் குழாய்கள் 1872லிருந்து இருக்கின்றன, குளிர்காலத்தில் மட்டும் உறைந்துவிடாமல் இருக்க மூடி வைப்பார்கள்.

திங்கட்கிழமை கோட்டு ஒன்று 70 யூரோ, சார்ஜர் 15, உள்ளாடைகளும் காலுறையும் 30. எல்லாவற்றுக்கும் ரசீது. நம் மெல்லிய இரண்டு உருண்டை முள் பிளக் அங்கே சுவரில் பொருந்தும், லேப்டாப்பின் மூன்று முள் பிளக் பொருந்தாது, அதற்கு அடாப்டர் வேண்டும். பெட்டி வியாழக்கிழமை வந்தது, பூட்டு உடைபடாமல், பொடிகளோடு.

அதற்குப் பிறகு நான் பார்த்த பாரிஸ் வேறு. அதே மரக்கதவைத் தினமும் திறந்துகொண்டு வெளியே வந்தேன். காலை எட்டரைக்குத் தெரு நனைந்திருக்கும், ரொட்டிக்கடை வாசலில் வரிசை நிற்கும், அந்த வயதான பெண்மணி படிக்கட்டில் என்னைப் பார்த்தால் முதலில் அவரே போன்ழூர் சொல்வார். ஏமாற்றுகிறவர்கள் அந்த ஊரிலும் இருக்கிறார்கள், ஆர்.இ.ஆரில் பையை முன்பக்கம் போட்டுக்கொண்டுதான் போனேன். ஆனால் முதல் மாலையில் நான் எழுதிய தீர்ப்பில் ஊரைவிட என் தூக்கமின்மைதான் அதிகம் இருந்தது. வந்து இறங்கிய மூன்றாம் நாள் ஊருக்குத் திரும்பிவிடலாமா என்று அண்ணனுக்குப் போன் செய்து பேசியவன் நான். ஒரு வாரம் எந்த முடிவும் எடுக்காதே, சாப்பிடு, தூங்கு என்று அவர் சொன்னார். நல்லவேளை கேட்டேன்.

பெட்டி விஷயத்தைச் சொல்லி முடிக்கிறேன், பலர் இதைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். பெட்டி தாமதமானால் அது கைக்கு வந்த நாளிலிருந்து 21 நாளுக்குள் விமான நிறுவனத்துக்கு எழுத்தில் கோரிக்கை அனுப்ப வேண்டும். சேதமடைந்திருந்தால் 7 நாள்தான். மான்ட்ரியல் ஒப்பந்தம் என்ற சர்வதேச விமானப் பயண ஒப்பந்தத்தின்படி ஒரு பயணிக்கு 1,519 எஸ்.டி.ஆர் (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு) வரை அவர்கள் பொறுப்பு, கிட்டத்தட்ட 2,000 டாலர். அது உச்சவரம்புதான், ரசீது காட்டும் நியாயமான செலவுதான் கிடைக்கும். நான் பி.ஐ.ஆர் எண், சாமான் சீட்டு, போர்டிங் பாஸ், மூன்று ரசீதுகள் எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் இணைத்து அனுப்பினேன். முதலில் கோட்டு அவசியப் பொருள் இல்லை என்று மறுத்தார்கள். நவம்பர் மாதம், அன்றைய வெப்பநிலை, என் கோட்டு அவர்களிடம் இருந்த பெட்டிக்குள் இருந்தது ஆகிய மூன்றையும் எழுதி மறுபடி அனுப்பினேன். பல வாரம் கழித்து 80 யூரோ வங்கிக் கணக்கில் வந்தது. விசாவுக்காக எடுக்கும் பயணக் காப்பீட்டில் மருத்துவச் செலவுக்குக் குறைந்தது 30,000 யூரோ இருக்க வேண்டும் என்பதுதான் கட்டாயம், பெட்டி தாமதத்துக்குக் காசு தருவது பாலிசிக்குப் பாலிசி மாறும். என்னுடையதில் அது இல்லை. கொஞ்சம் கூடப் பணம் கட்டினால் சேர்த்துக்கொள்ளலாம், வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.